வயர்லெஸ்ஸில் சொன்ன உதை

என் மருமகள் இப்போதெல்லாம் காய்ச்சல் என்றால் கிளினிக்குக்குப் போவதில்லை. சோபாவில் உட்கார்ந்தபடி கைப்பேசியில் டாக்டரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள்; மாலைக்குள் மருந்து வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. உலகத்திலேயே இது இப்போதுதான் நடப்பதுபோல எனக்கு விளக்கம் வேறு சொன்னாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆளைக் கண்ணால் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டு வைத்தியம் பார்க்க முடியுமா என்று அறுபது வருஷத்துக்கு முன்பே இந்தச் சிங்கப்பூரில் சோதித்துப் பார்த்தவர்கள் நாங்கள். நாங்கள் என்றால் இரண்டே பேர். ஒருவர் டாக்டர். இன்னொருவன் நான். நான் படித்தது இரண்டாம் வகுப்பு.

படிப்பு இல்லை என்பதற்காக நான் எங்கேயும் தலை குனிந்ததில்லை. இன்றைக்கு எனக்கு இரண்டு கடைகள், ஒரு படகு பழுதுபார்க்கும் பட்டறை, கிளமெண்டியில் ஒரு வீடு, அதற்கு மேலும் சில. எல்லாம் இந்த இரண்டு கையால் வந்தது. அந்தக் கைகள் முதலில் கற்றுக்கொண்டது அடிக்கத்தான். அதை மறைத்து எழுதினால் இந்தக் கதையை எழுதவே வேண்டாம்.

ஐம்பதுகளின் நடுவில் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக் கடையில் வேலை செய்தேன். உரிப்பது, வெட்டுவது, சுமப்பது எல்லாம் நான்தான். ஒருநாள் அந்த வட்டாரத்துக் கும்பலைச் சேர்ந்த ஒருவன் வந்து, என் முதலாளியின் வெட்டுக்கட்டையில் வேண்டுமென்றே எச்சில் துப்பினான். நான் அவன் தலைமுடியைப் பிடித்து, துப்பிய இடத்திலேயே அவன் கன்னத்தை வைத்து அழுத்தினேன். கட்டையின் ஓரத்தில் அடித்திருந்த கொக்கியில் அவன் காது மாட்டிக்கொண்டது. நான் கிழிக்கவில்லை. அவன் திமிறினான், கிழிந்தது. பாதிக் காது. சந்தையே கத்தியது. முதலாளி என் தோளைத் தட்டி, "நல்ல வேலை செஞ்ச. இனி இந்தப் பக்கம் வராத, உன்னக் கொன்னுருவானுங்க" என்றார்.

அப்படித்தான் நான் தீவுக்குப் போனேன். சாங்கிக் கரையிலிருந்து மோட்டார் படகில் போகும் தீவு. அங்கே ஒரு கம்பெனியின் கல்மலை இருந்தது. வெடி வைத்துப் பாறையைப் பிளந்து, சுத்தியலால் உடைத்து, பெரிய தொங்கான் படகுகளில் ஏற்றி ஊருக்கு அனுப்புவார்கள். அந்நாளில் சிங்கப்பூரில் போட்ட ரோட்டிலும் கட்டிய சுவரிலும் எங்கள் கல் இருக்கிறது. வேலையாட்கள் லயம் எனும் வரிசைக் குடிசைகள் இரண்டில் இருந்தோம்: மேல் லயம், கீழ் லயம். எனக்கு மேல் லயம். இரண்டுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி. சண்டைக்கு வேறு காரணம் வேண்டுமா? வாரத்துக்கு ஒரு மண்டை உடையும். வந்த மூன்றாம் நாள் ஒருவனின் தாடையை நான் திருப்பிவைத்தேன். அதன்பிறகு தொட்டியில் எனக்கு முன்னால் யாரும் நிற்கமாட்டார்கள்.

லயத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. யார் யாரை அடித்தாலும் வெளியாளிடம் அதைச் சொல்லக்கூடாது. அடித்தவனும் சொல்லமாட்டான், அடிபட்டவனும் சொல்லமாட்டான். யார் கேட்டாலும் ஒரே பதில்: வழுக்கி விழுந்துவிட்டேன். போலீஸுக்குப் போனால் அடித்தவனைக் கப்பலேற்றி நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. இன்றைக்கு அவன் அடிப்பான், நாளைக்கு நீ அடிப்பாய். அதனால் எல்லோரும் விழுந்துகொண்டே இருந்தோம்.

காயங்களைக் கவனிக்கக் கம்பெனி ஒரு டிரெஸ்ஸரை வைத்திருந்தது. மருந்து போடத் தெரிந்த ஆள், அவ்வளவுதான். ஒருநாள் வெடித்த பாறை சரிந்து ஒருவனின் காலை நசுக்கியது. முழங்காலுக்குக் கீழே தோலும் எலும்பும் ஒன்றாகிவிட்டது. டிரெஸ்ஸர் பார்த்தார், ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் என் பெல்ட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கி, அவன் திமிறியபோது மார்பில் முழங்காலை வைத்து அழுத்தி, ரத்தத்தை நிறுத்தினேன். ஆயிரம் ஆடு உரித்தவனுக்கு ரத்தம் என்ன பெரிய விஷயம்? டிரெஸ்ஸர் அந்த வாரமே ஊருக்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார். மானேஜர் மருந்துப் பெட்டியின் சாவியை என் கையில் கொடுத்தார். மருந்துப் புட்டிகளின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நிறத்தையும் நாற்றத்தையும் வைத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துத் தமிழர், ஊருக்குள் ஆஸ்பத்திரியில் வேலை. மெலிந்த ஆள், கண்ணாடி, கையில் கட்டுக் காகிதம். கம்பெனி ஆபீசில் ஒரு வயர்லெஸ் பெட்டி உண்டு. கரையோடு பேசுவதற்காக வைத்தது. பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும், முடித்ததும் 'ஓவர்' என்று சொல்லி விட வேண்டும், விட்டால்தான் மறுபக்கம் பேசுவது கேட்கும். டாக்டர் அந்தப் பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை உட்காரவைத்துச் சொன்னார்:

"கடலில போற கப்பலுக்கு வயர்லெஸ்ஸில மருந்து சொல்லுறது இப்பவே இருக்கு. ஆனா நாங்கள் சொல்லுறது எவ்வளவு தூரம் சரி எண்டு ஒருத்தரும் அளந்து பாக்கேல்ல. நான் அளக்கப்போறன். ஒருத்தனுக்கு அடிபட்டா நீர் முதலில எனக்குச் சொல்லவேணும். ஆஸ்பத்திரியிலயும் இப்பிடி ஒரு பெட்டி வைக்கிறன்; கேட்டதை வைச்சு அவனுக்கு என்ன எண்டு நான் அங்க எழுதி, உறையில போட்டு ஒட்டிடுவன். பிறகு ஆளைப் போட்டில அனுப்பும். கண்ணால பாத்து எழுதுறதையும் உறைக்குள்ள இருக்கிறதையும் சேத்துப் பாப்பம். விளங்குதா?"

"வெளங்குதுங்க ஐயா. உங்களுக்கு நீங்களே பரீட்சை வச்சுக்கிறீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஓம். அதேதான்" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து என்னை அவருக்குப் பிடித்துவிட்டது. எனக்குத் தெரியும்.

நான் காயத்தைச் சொல்வது மாதிரி அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் யாரும் சொல்லியிருக்க முடியாது. வீக்கம் என்றால் கோழிமுட்டையா வாத்துமுட்டையா என்று சொல்வேன். ரத்தம் ஈரல் நிறமா, செம்பருத்தி நிறமா என்று சொல்வேன். எலும்பு தெரிந்தால் அது மூட்டு மொழியா, நடுத் தண்டா என்று சொல்வேன். "உமக்கு இறைச்சிக்கடைக் கண்" என்பார் டாக்டர். "எங்கட மாணவருக்கு இந்தக் கண் இல்லை." பல மாதம் இப்படிப் போனது. சுத்தியலால் உடைந்த மண்டை, இரும்புக் கம்பியால் முறிந்த விலா, கடித்துத் துப்பிய கட்டைவிரல் நுனி. உறையைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் பொருந்தியது. காரணம் என்ற கட்டத்தில் மட்டும் எல்லாத் தாளிலும் ஒரே வரி. ஒருநாள் அவர் வயர்லெஸ்ஸிலேயே கேட்டுவிட்டார்:

"ஐசே, உங்கட தீவில நடக்கிறதுக்குத் தரையே இல்லையா? எல்லாரும் விழுந்துகொண்டே இருக்கிறீங்கள்."

"பாசி ஜாஸ்திங்க ஐயா."

"பாசிக்குப் பல்லும் இருக்குப் போல. கட்டைவிரலைக் கடிச்சிருக்கு."

ஆபீசில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அந்தப் பக்கம் அவரும் சிரித்திருப்பார்.

பிறகு ஆராய்ச்சியின் இரண்டாம் பாகம் தொடங்கியது. இனிமேல் எல்லோரையும் படகில் அனுப்ப வேண்டாம், வா என்று டாக்டர் சொல்கிறவன் மட்டும் வந்தால் போதும். மற்றவர்களுக்கு அவர் வயர்லெஸ்ஸில் சொல்கிற வைத்தியத்தை நான் செய்ய வேண்டும். இன்னொரு மாற்றம்: அடிபட்டவனே பேச வேண்டும். "நீர் சொல்லுறதில முக்கால்வாசி உம்முடைய தீர்ப்பு. எனக்கு நோயாளியின்ர குரல் வேணும்" என்றார். எனக்கு உள்ளுக்குள் கோபம்தான். என்னைவிட நன்றாக எவன் சொல்லிவிடப் போகிறான்?

அங்கேதான் நாங்கள் இரண்டு பேரும் தவறு செய்தோம். படித்த டாக்டருக்கும் தெரியவில்லை, படிக்காத எனக்கும் தெரியவில்லை.

எங்கள் ஆட்களுக்கு டாக்டர் என்றால் துரைக்குச் சமம். பெட்டியிலிருந்து அவர் குரல் வந்ததும், உட்கார்ந்திருப்பவன் எழுந்து நிற்பான். தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவான், மடித்துக் கட்டிய கைலியைக் கீழே இறக்கிவிடுவான். உடம்பு எப்படி இருக்கிறது என்று பெரிய மனிதர் ஒருவர் கேட்டால் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான் அவனுக்குத் தெரியும்: "நல்லா இருக்கேங்க ஐயா." வலிக்கிறதா என்றால் "பரவாயில்லீங்க ஐயா." கண்ணில் நீர் வழியும், வாய் இதைத்தான் சொல்லும். அதுவும் ஜன்னலுக்கு வெளியே லயத்து ஆட்கள் வேடிக்கை பார்க்கும்போது, வலிக்கிறது என்று எந்த ஆம்பளை சொல்வான்? டாக்டர் காதில் விழுந்தது குரல் மட்டும்தான். அது நிமிர்ந்து நிற்கிற குரல்.

கீழ் லயத்தில் தஞ்சாவூர்க்காரன் ஒருவன் இருந்தான். என்னோடு சரிக்குச் சரி மோதக்கூடிய ஒரே ஆள். அவனுடைய தம்பியும் அங்கேதான் கல் உடைத்தான். அந்தத் தம்பியின் மோதிர விரல் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டி நசுங்கியது. வயர்லெஸ்ஸில் டாக்டர் விரலை மடக்கச் சொன்னார். தம்பி பல்லைக் கடித்து மடக்கினான். "முடியுதுங்க ஐயா" என்றான். கழுவிக் கட்டுப் போட்டால் போதும் என்றார் டாக்டர். நானும் அப்படியே செய்தேன். நாலாம் நாள் விரல் கருத்து நாறியது. ஆஸ்பத்திரியில் அதை அடியோடு எடுத்துவிட்டார்கள். டாக்டர் எனக்கு வயர்லெஸ்ஸில் சொன்னார்: "இது என்னுடைய பிழை. அப்படித்தான் எழுதியிருக்கிறன்."

லயத்துக்கு அது என்னுடைய பிழை. தஞ்சாவூர்க்காரனுக்குக் கேட்கவே வேண்டாம்.

மறுவாரம், காலை வெடி முடிந்து எல்லோரும் தண்ணீர் குடிக்க வந்த நேரம். அவன் தோளில் சுத்தியலோடு என் முன்னால் வந்து நின்றான்.

"என்னடா, டாக்டரோட நாக்கு! இன்னிக்கு யாரு வெரல எடுக்கப்போற?"

"வழிய விடுடா. ஒன் தம்பி மடக்கிக் காட்டினான். நானா மடக்கச் சொன்னேன்?"

"நீ பக்கத்துல நின்னு பாத்தீல்ல? ஆட்டுக்கறி வெட்டுன பயலுக்கு மனுசன் வெரலு தெரியாதா?"

"தெரியும்லா. ஒன் வெரல நீட்டு, காட்டுறேன்."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவனைக் கிளப்பியது. சுத்தியலை வீசினான். நான் குனிந்தேன், அது பின்னால் இருந்த தண்ணீர் டிரம்மில் பட்டு ஓட்டை போட்டது. நான் நெற்றியால் அவன் மூக்கில் முட்டினேன். உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவன் என் மணிக்கட்டைக் கடித்தான், எலும்புவரை. தலைமுடியைப் பிடித்து இழுத்தேன், விடவில்லை. இன்னொரு கையால் அவன் காதடியில் மூன்று குத்து. வாய் திறந்தது. காலைத் தட்டிவிட்டேன், விழுந்தான், கல் சில்லுகளின் மேல் பக்கவாட்டில் கிடந்தான். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் வாங்கிய ராணுவ பூட்ஸ் என் காலில் இருந்தது. முன்முனையில் இரும்பு. அந்தக் காலால், கிடந்தவனின் இடது பக்கம், கடைசி விலாவுக்குக் கீழே, முழுப் பலத்தோடு ஓர் உதை விட்டேன். சணல் மூட்டையை உதைத்த மாதிரி இருந்தது. அவன் கத்தவில்லை. காற்று மட்டும் வெளியே வந்தது. சுற்றி நின்றவர்களுக்குத் தண்ணீர் டிரம் மறைத்தது. அந்த உதையை யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு நடந்து போனான். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். தம்பி அவனைத் தாங்கிப் பிடித்து ஆபீசுக்குக் கூட்டிவந்தான். அவன் முகத்தில் வேர்வை. மூக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இடது தோள்பட்டை பிடுங்குகிறது என்றான். நான் தோளைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. தோளில் நான் அடிக்கவே இல்லையே என்று யோசித்தபடி டாக்டரை அழைத்தேன். ஜன்னலில் வழக்கம்போலக் கூட்டம்.

பெட்டியில் டாக்டரின் குரல் வந்ததும், தஞ்சாவூர்க்காரன் தம்பியின் கையை விலக்கிவிட்டு எழுந்து நின்றான். தலைத்துண்டை எடுத்தான். கைலியை இறக்கினான்.

"எப்பிடி இருக்கு? எங்க நோகுது? ஓவர்."

"நல்லா இருக்கேங்க ஐயா. தோளு கொஞ்சம் வலிக்குது."

"என்ன நடந்தது?"

அவன் என்னைப் பார்த்தான். ஒரு வினாடிதான். "வழுக்கிட்டேங்க ஐயா. தோளு அடிபட்டுருச்சு."

"கையைத் தூக்க முடியுதா?"

தூக்கினான். முடிந்தது.

"அப்ப எலும்பு முறியேல்ல. கையைத் தூளி கட்டி, படுக்க விடும். போட் வேண்டாம். நாளைக்குக் கேப்பம். நாடியை மட்டும் எண்ணிச் சொல்லும், ஓவர்."

நான் மானேஜரின் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். விரலுக்கடியில் நூல் மாதிரி ஓடியது. எண்ணிக்கை நூற்றிருபதைத் தாண்டியது. சொன்னேன்.

"கூடவா இருக்கே. ஆள் பயந்துபோய் இருக்கிறாரோ?"

தஞ்சாவூர்க்காரன் பயப்படுவதா? நான் அவன் கீழ் உதட்டை விரலால் இழுத்துப் பார்த்தேன். ஈறு வெள்ளையாக இருந்தது. இதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! கழுத்தறுத்து ரத்தம் முழுக்க வடிந்த ஆட்டுக்கு ஈறு இப்படித்தான் இருக்கும். ஆனால் இவன் உடம்பிலிருந்து மூக்கில் வந்ததைத் தவிர ஒரு சொட்டு ரத்தம் வெளியே வரவில்லை. வெளியே வராவிட்டால் அது எங்கே போகிறது? எனக்கு என் பூட்ஸ் முனை நினைவுக்கு வந்தது. டாக்டருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இவன் உள்ளுக்குள் வடிந்துகொண்டிருக்கிறான். நான் வாயைத் திறக்காவிட்டால் சாயங்காலத்துக்குள் செத்துவிடுவான். தோள் வலியால் செத்தான் என்று தாளில் எழுதுவார்கள்.

திறந்தால்? மானேஜர் பக்கத்து மேஜையில் இருக்கிறார். ஜன்னலில் இரண்டு லயமும் நிற்கிறது. ஜெயில், இல்லாவிட்டால் கப்பல். எனக்கு ஊரில் யாரும் இல்லை. நான் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பேசாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. விட்டபோது டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது:

"...கேக்குதா? ஏன் பேசாமல் இருக்கிறீர்? ஓவர்."

தஞ்சாவூர்க்காரன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையால் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தான். டாக்டர் முன்னால் உட்காரக்கூடாது என்று நின்றுகொண்டிருந்தான்.

"ஐயா, இவன் விழல. நான் ஒதச்சேன். பூட்ஸ் காலால. எடது பக்கம், கடைசி வெலாவுக்குக் கீழ. ஈறு வெளுத்துப் போச்சுங்க ஐயா, ரத்தம் வடிஞ்ச ஆடு மாதிரி. ஓவர்."

பிறகு டாக்டர் கேட்டார். அவர் குரல் மாறியிருந்தது.

"ஆள் நிக்கேக்கயா உதைச்சனீர், கிடக்கேக்கயா?"

அவர் ஏன் அதைக் கேட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. நிற்பவன் உதையோடு சேர்ந்து நகர்ந்துவிடுவான், தரையில் கிடப்பவனுக்கு உதை முழுக்க உள்ளே இறங்கும். ஆனால் ஜன்னலில் இருந்தவர்களுக்கு அந்தக் கேள்விக்கு வேறு அர்த்தம். லயத்தில் அடிக்கலாம், கடிக்கலாம், கல்லெடுத்து எறியலாம். விழுந்தவனை உதைப்பவன் மட்டும் மனுஷன் இல்லை.

"கெடக்கும்போதுங்க ஐயா."

"கெதியா! பின்னேரப் போட்டைப் பாக்காதேயும், இப்பவே கொண்டு வாரும். படுக்க வையும். நிக்க விடாதேயும். ஒரு சொட்டுத் தண்ணி குடுக்காதேயும். சாங்கியில வண்டி நிக்கும்."

பொத்தான் என் விரலிலிருந்து நழுவியது. மேஜைமேல் மாதிரிக்கு வைத்திருந்த கல் துண்டை எடுத்துத் தம்பி என் தலையில் அடித்திருந்தான். நான் முழங்காலில் விழுந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் உள்ளே வந்தார்கள். எத்தனை பேர் என்று எண்ணவில்லை. என் முதுகில் விழுந்தது இரும்புக் கம்பி என்பது மட்டும் தெரிந்தது. மேல் லயத்து ஆட்கள், என் பக்கத்து ஆட்கள், அவர்களும் அடித்தார்கள். அதுதான் வலித்தது.

"என்னைய அப்புறம் கொல்லுங்கடா! மொதல்ல அவனத் தூக்குங்க! ஏய், ஒன் அண்ணன் செத்துக்கிட்டு இருக்கான், பாருடா!" என்று தம்பியின் கைலியைப் பிடித்து இழுத்தேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். தஞ்சாவூர்க்காரன் அப்போதுதான் மெதுவாகச் சுவரோடு சரிந்து கீழே உட்கார்ந்தான். கண் மேலே சொருகியது. தம்பி ஓவென்று கத்தினான்.

ஸ்டோர் கதவைக் கழற்றினோம். அதில் அவனைக் கிடத்தினோம். முன்பக்கம் நான், பின்பக்கம் தம்பி. ஆபீசிலிருந்து படகுத்துறை வரைக்கும் இறக்கம், கல் பாதை. வழி நெடுக அடித்தார்கள். பலகையை விட்டுவிட்டுத் தடுக்க முடியாது, அவர்களுக்கும் அது தெரியும். ஒரு கம்பி என் இடது முழங்கைக்கு மேலே விழுந்தது. கை உள்ளே மடங்குவது தெரிந்தது. நான் பலகையை வலது கையிலும் தொடையிலும் வாங்கிக்கொண்டு நடந்தேன். பின்னாலிருந்து தம்பி பலகையாலேயே என் பின்தொடையில் இடித்துக்கொண்டு வந்தான். "நட! நட! நாயே, நட!" என்றான். ஒவ்வொரு இடிக்கும் ஓர் அடி முன்னால் போனேன். அன்றைக்கு நான் நடந்த மாதிரி அந்தத் தீவில் எவனும் நடந்திருக்கமாட்டான். அதை மட்டும் பெருமையாகவே சொல்வேன்.

படகு சாங்கியைப் பார்த்து ஓடியது. தஞ்சாவூர்க்காரன் தண்ணீர் கேட்டான். தம்பி கடலைப் பார்த்துக்கொண்டு அழுதான், கொடுக்கவில்லை. நான் அவன் கால்களை என் மடியில் தூக்கி வைத்திருந்தேன். அதே ஆள்தான். காலையில் என்னைக் கடித்தவன்.

சாங்கியில் வண்டி நின்றது. டாக்டரே வண்டிக்குள் இருந்தார். ஆஸ்பத்திரியில் நேராக உள்ளே கொண்டுபோனார்கள். எனக்குக் கை எலும்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் வெளியே வந்தார். வெள்ளைக் கோட்டில் வயிற்றிலிருந்து முழங்கால்வரை ரத்தம்.

"மண்ணீரல் வெடிச்சுப்போச்சு. எடுத்தாச்சு. வயிற்றுக்குள்ள இரத்தம் நிறைஞ்சா நோவு தோளிலதான் தெரியும். விலாவில அடி எண்டு ஒரு சொல் கேட்டிருந்தா, தோள் எண்ட உடனேயே பிடிச்சிருப்பன். ஒரு சொல்." அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அரை மணித்தியாலம் பிந்தியிருந்தா ஆள் இல்லை."

"பொழச்சுக்குவானா ஐயா?"

"நாளைக்குக் காலமை கேளும்."

நான் அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. பிழைத்தான்.

போலீஸ்காரர் மூன்றாம் நாள் வந்து அவனைக் கேட்டபோது நான் வராந்தாவில் நின்றேன். கைக்கட்டோடு நின்றேன், ஓடவில்லை. தஞ்சாவூர்க்காரன் கூரையைப் பார்த்துக்கொண்டு, வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். போலீஸ்காரர் அவனுடைய உடைந்த மூக்கையும் என் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு நோட்டை மூடினார். கல்மலை நிற்காமல் ஓட வேண்டும் என்று மானேஜரும் அதையே சொல்லியிருந்தார்.

டாக்டரின் தாளில் உண்மை எழுதியிருந்தது. அதைக் காட்டிவிடுவாரா என்று நான் அவரிடமே கேட்டேன். "அதில பேர் இல்லை, இலக்கம்தான்" என்றார். பிறகு வயர்லெஸ் ஆராய்ச்சியின் விதிகளை என்னை வைத்துக்கொண்டே மாற்றி எழுதினார். பேசுகிறவன் படுத்துக்கொண்டுதான் பேச வேண்டும், என்ன வந்தாலும் எழுந்திருக்கக்கூடாது. ஜன்னலைச் சாத்த வேண்டும், ஆபீசில் என்னைத் தவிர யாரும் இருக்கக்கூடாது. எப்படி இருக்கிறது என்று கேட்கவே கூடாது. எது பட்டது, எங்கே பட்டது என்றுதான் கேட்க வேண்டும். ஈறைப் பார்க்கும் விதியை நான் சொன்னேன், அவர் எழுதினார். பல வருஷம் கழித்து அதையெல்லாம் பெரிய டாக்டர்கள் கூட்டத்தில் வாசித்தார் என்று கேள்விப்பட்டேன். அதில் என் பெயர் இல்லை. ஓர் உதவியாளர் என்று இருந்ததாம். இருக்கட்டும். ஈறு என்னுடையது.

பத்தாம் நாள், என்னைத் தஞ்சாவூர்க்காரன் கூப்பிடுவதாக வார்டு நர்ஸ், மிஸ்ஸி என்போம், வந்து சொன்னாள். அதுவரை நான் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் போனதில்லை. போனேன். பாதியாக இளைத்திருந்தான். மார்பிலிருந்து தொப்புள்வரை கட்டு. தம்பி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை.

"கிட்ட வா" என்றான் தஞ்சாவூர்க்காரன். குரலே வரவில்லை.

"என்ன வேணும்?"

"கிட்ட வாடா. சத்தமாப் பேச முடியல."

மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைத்துக் குனிந்தேன். அவன் என் சட்டைக் காலரைப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து, முஷ்டியால் என் வாயில் குத்தினான். பத்து நாள் படுக்கையில் கிடந்தவன் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ! என் வாயெல்லாம் ரத்தம். அவனுக்குத் தையல் பிரிந்து, கட்டின் மேல் சிவப்பு ஊறியது. மிஸ்ஸி கத்திக்கொண்டு ஓடிவந்து என் முதுகில் தட்டை எறிந்தாள்.

"நான் நின்னுக்கிட்டு இருக்கும்போது அடிச்சிருந்தா ஒன்ன விட்டிருப்பேன்" என்றான் அவன், மூச்சு வாங்கியபடி. "போ. இனி என் கண்ணுல படாத."

பட்டதில்லை. அவன் கல்மலைக்குத் திரும்பவில்லை. அண்ணனும் தம்பியும் ஊருக்குக் கப்பலேறிவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். என் கணக்கு அன்றைய அடியோடு தீர்ந்தது என்று லயம் விட்டுவிட்டது; நான் இன்னும் நாலு வருஷம் அந்த மருந்துப் பெட்டியை வைத்திருந்தேன். அவன் குத்திய முன்பல் மூன்று நாள் ஆடிவிட்டு விழுந்தது. கையில் காசு வந்த முதல் வருஷம் சிராங்கூன் ரோட்டில் அந்த இடத்துக்குத் தங்கப் பல் கட்டிக்கொண்டேன். பேரப்பிள்ளைகள் கேட்டால் தாத்தா பணக்காரர், அதனால்தான் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.